யுக்காவுக்கு ஒரு கோமுகி

என் அக்கா நகுலேஸ்வரியைக் கட்டிய சற்குணம் அத்தான் தொழிலால் பிளம்பர். லண்டனில், மோர்டன் பக்கத்துத் தமிழ் வீடுகளில் எந்தக் கூரை ஒழுகினாலும் முதலில் அவருடைய நம்பரைத்தான் அடிப்பார்கள். பகல் முழுக்கத் தண்ணீரோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வருகிற மனிதர், கோட்டைக் கழற்ற முதலே, தண்ணீர் பட்டால் அழுகிச் சாகும் ஒரு செடியின் அடியில் போய்க் குந்துவார். விதி ஆட்களோடு பகிடி விடும் என்பார்கள். அத்தானோடு அது கொஞ்சம் கூடுதலாகவே விட்டுவிட்டது.

நான் பாலாம்பிகை. அக்காவின் தெருவிலேயே மறுமுனையில் இருக்கிறேன். முன்பு ஹவுன்ஸ்லோவில் இருந்து விமான நிலையத்தில் வேலை செய்தேன், இப்போது ஓய்வு. அத்தானைப் பகிடி பண்ணும் உரிமை அக்காவின் கழுத்தில் தாலி ஏறிய அன்றே எனக்கு வந்துவிட்டது. அதை நான் ஒருநாளும் வீணாக்கியதில்லை.

செடியின் பெயர் யுக்கா. அதிலும் கண்ட கடையில் கிடைக்கிற யுக்கா இல்லை. மெக்சிக்கோவில் குவெரெட்டாரோ என்ற பக்கத்துச் சுண்ணாம்பு மலைச்சரிவுகளில் வளர்கிற அரிய இனம். முழுப் பெயரை அத்தான் சொல்லும்போது தொண்டையில் மீன்முள் சிக்கினவர் போல இருக்கும். ஊசி ஊசியாக நூற்றுக்கணக்கான மெல்லிய இலைகள், எல்லாம் சேர்ந்து ஒரு பந்து. நுனியில் குத்தும். கடும் பனியைத் தாங்கும், ஆனால் குளிர்காலத்து ஈரத்தைத் தாங்காது. "மைனஸ் பத்திலை நிண்டு சிரிக்கும், மோர்டன் தூறலிலை செத்துப்போகும்" என்பது அத்தான் எங்கள் எல்லோருக்கும் பாடமாக்கிவிட்ட வாசகம்.

இந்தப் பைத்தியம் அவருக்கு ஜெர்மனியில் பிடித்தது. அகதி முகாமில் இருந்த காலத்தில், யாரோ ஒரு ஜெர்மன்காரர் பழைய சோபாவோடு சேர்த்து ஒரு தொட்டி யுக்காவையும் தெருவில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். பனியில் கிடந்து இலையெல்லாம் கருகிவிட்டது. அத்தான் அதைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போனார். மனிசன் படுக்கவே இடமில்லை, மரத்துக்கு இடமோ என்று அறையிலிருந்த மற்றவர்கள் கத்தினார்கள். கருகிய பகுதியை வெட்டிவிட, அடிக்கட்டை துளிர்த்தது. அது இன்றைக்கும் அக்காவின் வீட்டு வாசலறையில் நிற்கிறது. வருகிறவர்கள் அதில் தொப்பி கொழுவுவார்கள்.

அத்தான் அதிகம் பேசாதவர், யுக்காவைப் பற்றித் தவிர. யுக்காவைப் பற்றி ஒரு பிழையான வார்த்தை சொல்லிவிட்டுத் தப்பிப்போனவர் எங்கள் சனத்துக்குள் கிடையாது. ஒருமுறை இல்ஃபோர்டில் ஒரு கலியாண வீட்டில், பக்கத்துக் கதிரையில் இருந்த பெரியவர் மரியாதைக்காகக் கேட்டார்: "உங்கட வீட்டு முன்னாலை நிக்கிற அன்னாசி எப்ப காய்க்கும், தம்பி?" அவ்வளவுதான். அது அன்னாசி இல்லை, கள்ளி இல்லை, கற்றாழை இல்லை, பனைக்கும் அதுக்கும் சொந்தமே இல்லை, சாத்தாவாரிக்குத்தான் தூரத்து உறவு என்று பாயாசம் வரும்வரை விளக்கினார். பெரியவர் பாயாசம் குடிக்காமலே எழும்பிப் போனார். வீட்டுப் பூசைக்கு வந்த ஐயர் 'கற்றாழை நல்லா வந்திருக்கு' என்றதற்கு, மந்திரத்தை இடைநிறுத்தித் திருத்தம் சொன்னவர் எங்கள் அத்தான்.

அக்காவுக்கு அந்தச் செடியைக் கண்ணில் காட்டக்கூடாது. அதற்கு நியாயம் இருந்தது. பின்தோட்டத்தில் வெயில் விழாது என்று, வீட்டு முன்னால் கார் விடும் இடத்துச் சீமெந்தை அத்தான் உடைத்தார். மோர்டனில் சொந்தமாகக் கார் விட இடம் இருக்கிறவர்கள் அதைத் தாலிக்கொடி போலப் பார்த்துக்கொள்வார்கள். அத்தான் அதை உடைத்து, ஆழக் கிண்டி, லொறிக்கணக்கில் கல்லும் சரளையும் கொட்டி, நடுவில் அந்த முள்ளுப் பந்தை நட்டார்.

"வாசல்லை முள்மரம் நாட்டினால் வீடு உருப்படுமோ?" என்றாள் அக்கா.

"அது மரம் இல்லை நகுலா, இப்போதைக்கு ரொசெட், இலைக்கொத்து எண்டுதான் சொல்லவேணும்" என்றார் அத்தான்.

அக்கா அன்றிலிருந்து காரை இரண்டு தெரு தள்ளி விட்டுவிட்டு, மரக்கறிப் பைகளோடு நடந்து வந்தாள். வரும்போது ஒவ்வொரு முறையும் அந்தச் செடியை ஒரு பார்வை பார்ப்பாள். பார்வைக்குப் பட்டுப்போகிற செடியாக இருந்தால் அது அந்தக் கிழமையே பட்டுப்போயிருக்கும்.

ஆனால் நான் எவ்வளவு பகிடி பண்ணினாலும் ஒரு விஷயத்தில் வாயை மூடிக்கொள்வேன். அந்தச் செடியின் விதைகளை அத்தானுக்குத் தபாலில் அனுப்பியது செக் நாட்டுக் கிழவர் ஒருவர். முளைத்தவற்றில் இரண்டுதான் தேறின. அதில் ஒன்றை ஒரு மழைக்காலம் கொண்டுபோய்விட்டது. அத்தான் நடுக்குருத்தைப் பிடித்துப் பார்த்தபோது அது அப்படியே கையோடு உருவிக்கொண்டு வந்தது. அடியில் அழுகல் மணம். அத்தான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. செக் நாட்டுக் கிழவரும் பிறகு காலமாகிவிட்டார், அந்த விதை இனி வாங்க ஏலாது. மிச்சம் இருந்தது இந்த ஒன்று. தொட்டியிலேயே வருடக்கணக்காக வளர்த்து, பயந்து பயந்து நிலத்தில் வைத்த பிறகு வந்த முதல் குளிர்காலம் அது. இதைத் தாண்டினால் தப்பியது, இல்லையென்றால் அத்தானின் யுக்காக் கதை முடிந்தது.

ஆகவே அத்தான் அதற்குக் கூரை போட்டார். பிளம்பர் கூரை போட்டால் எப்படி இருக்கும்? நாலு செப்புப் பைப்புகள் தூண். மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் தகடுகள், நாலு பக்கமும் சரிவாக. நாலு தகடும் சேருகிற உச்சியில் தண்ணீர் இறங்காமல் அடைக்க, யாரோ வீட்டுப் பழைய தண்ணீர்த் தாங்கியில் கழற்றிய செப்பு மிதவைப் பந்து ஒன்றைப் பூட்டினார். செடியைச் சுற்றி வெள்ளைச் சுண்ணாம்புக் கல். சாய்ந்துவிடாமல் முன்னால் முட்டுக்கொடுக்க உருண்டையான ஒரு கருங்கல். உறைபனி நாட்களில் சூடு காட்டுவதற்குச் சுற்றிவரப் பழைய காலத்துக் கிறிஸ்மஸ் பல்ப் சரம்.

நான் தெருவில் நின்று பார்த்தேன். தூண், விமானம், கலசம், கருங்கல், விளக்கு. எல்லாம் இருந்தது.

"அத்தான், கும்பாபிஷேகம் எப்ப?" என்று கேட்டேன்.

"உனக்கு எல்லாம் பகிடி" என்றார்.

எனக்கு மட்டும்தான் பகிடியாக இருந்தது. வீட்டுக்கு முன்னால் பஸ் தரிப்பு இருக்கிறது. பிள்ளையார் கோயிலுக்குப் போகிற சனம் அதில்தான் நிற்கும். முதல் வெள்ளிக்கிழமை மதில்மேல் ஒரு செவ்வந்திப் பூ இருந்தது. அடுத்த வெள்ளி கருங்கல்லில் மூன்று விரல் திருநீறு. தொப்பி போட்ட ஒருவர், தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு பஸ் வரும்வரை நின்றார். மார்கழி பிறந்தபோது கல்லுக்கு ஒரு மஞ்சள் துண்டும் கட்டியாகிவிட்டது.

அத்தான் முதலில் திருத்தப் பார்த்தார். பூ வைத்த ஒரு அம்மாவிடம் இது கோயில் இல்லை என்று தொடங்கினார். அந்த அம்மா, "ஓம் தம்பி, மனம்தான் கோயில்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். திருத்தம் சொல்லித் தோற்றது அத்தானுக்கு அதுதான் முதல் தடவை.

அக்காவோ அடியோடு மாறிப்போனாள். கார் விடும் இடம் போன கவலை போயே போய்விட்டது. விடிய எழும்பிக் குளித்துக் கல்லுக்குச் சந்தனம் வைப்பாள். தெருவில் போகிற பெண்கள் 'அக்கா, அக்கா' என்று நின்று கதைப்பார்கள். அறங்காவலர் சபைத் தலைவரின் மனைவிக்குக்கூட அப்படி மரியாதை கிடைத்திராது.

பூவும் சந்தனமும் வேருக்குத் தீங்கில்லை என்று அத்தான் மனதைத் தேற்றிக்கொண்டார். ஒவ்வொரு மாலையும் ஒரு நீளமான மூங்கில் குச்சியைச் செடியின் அடியில் ஆழக் குத்தி, இழுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். குச்சி காய்ந்து வந்தால் நிம்மதி. தை மாதம் பிறக்கும் தறுவாயில் ஒருநாள் குச்சி ஈரமாக வந்தது. அடுத்த நாளும் ஈரம்.

"எங்கையோ லீக்" என்றார்.

ஊரெல்லாம் லீக் பிடிக்கிறவரின் சொந்த வாசலில் லீக். கூரைத் தகடுகளைக் கழற்றிப் பூட்டினார். மிதவைப் பந்தைச் சுற்றி மெழுகு போலப் பசை பூசினார். ஈரம் நிற்கவில்லை. நிலத்துக்குக் கீழே போகும் பைப் ஒழுகினால் கேட்பதற்கு அவரிடம் ஒரு கம்பி இருக்கிறது. ஒரு நுனியை நிலத்தில் ஊன்றி, மறுநுனியில் காதை வைப்பார். அதிலும் ஒன்றும் கேட்காமல், கடைசியில் குப்புறப் படுத்து நிலத்திலேயே காதை வைத்தார். பஸ் தரிப்பில் நின்றவர்கள் வீட்டுக்காரரே அட்டாங்க நமஸ்காரம் செய்வதைக் கண்டார்கள். அன்று மாலை மதிலில் பூ இரண்டு மடங்காகிவிட்டது.

லீக்கைப் பிடித்தது நான்தான். ஒரு விடியற்காலை அக்காவோடு தேத்தண்ணி குடித்தபடி ஜன்னலால் பார்த்தேன். கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு இளம்பெண் மதிலடியில் நின்றாள். கைப்பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்தாள். மதிலுக்கு மேலால் எட்டி, கருங்கல்லின் மேல் முழுவதையும் ஊற்றினாள். பிறகு இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அவளை எனக்குத் தெரியும். பெயர் மிதுஷா. முதியோர் இல்ல வேலைக்கென்று விசாவில் வந்து, அடுத்த தெருவில் ஓர் அறையில் கணவனோடு இருக்கிறாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. மனிசன் பசை பூசிப் பூசி விரல் தோல் உரிந்துபோய் இருக்கிறார், இவள் வந்து அபிஷேகம் செய்கிறாள். கோப்பையை வைத்துவிட்டு எழும்பினேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வயித்தைப் பார்" என்றாள்.

பார்த்தேன். கோட்டின் பொத்தான்கள் பூட்டுப்படவில்லை.

"பிள்ளைத்தாச்சி. நேத்திக்கடன் வைச்சு ஊத்துறாள். பிள்ளைத்தாச்சியின்ரை ஆசையை மறிச்சால், மறிச்ச ஆளுக்குக் கண்ணிலை கட்டி வரும்."

"வந்தால் வரட்டும். அத்தானிட்டை என்ன சொல்லுறது?"

"அவருக்கும் கண் இருக்குத்தானே" என்றாள் அக்கா.

அத்தானிடம் சொன்னோம்.  அவர் பிளம்பர் கேட்கிற முதல் கேள்வியைக் கேட்டார்.

"எவ்வளவு ஊத்துறாள்?"

"ஒரு போத்தல்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"வேலை நாளிலை எல்லாம் போலை கிடக்கு."

கண்ணை மூடிக்கொண்டார். செடியைப் பெயர்த்து வேறு இடத்தில் வைக்கலாமே என்றேன். குளிரில் வேரைக் குழப்பினால் ஈரம் கொல்ல முதல் நாங்களே கொன்றுவிடுவோம் என்றார். "நாளைக்கு நானே அந்தப் பிள்ளைக்கு ஆறுதலாச் சொல்லுறன்."

மறுநாள் இருட்டோடே எழும்பி, கோட்டும் போட்டுக்கொண்டு, கதவுக்குப் பின்னால் காத்திருந்தார். மிதுஷா வந்தாள், ஊற்றினாள், கையைச் சேர்த்தாள். அத்தான் கதவைத் திறந்தார். அவள் "குட் மோர்னிங் அங்கிள்" என்றாள். ஏதோ பேசினார்கள். அத்தான் உள்ளே வந்து கோட்டைக் கழற்றினார்.

"சொல்லிப்போட்டியளோ?" என்றேன்.

"சொன்னனான்."

"என்ன சொன்னனீங்கள்?"

"குளிருது, வழுக்கும், பாத்துப் போங்கோ எண்டு."

அந்த மனிசனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கலியாண வீட்டில் பெரியவரைப் பாயாசம் குடிக்கவிடாத வாய், இங்கே வந்து அடைத்துக்கொண்டது. நான் போய்ச் சொல்கிறேன் என்று மூன்று தரம் கிளம்பினேன். மூன்று தரமும் அக்கா கதவை மறித்தாள்.

அந்தச் சனிக்கிழமை அத்தான் வேலைக்குப் போகவில்லை. தன் வேலை வான் வண்டிக்குள்ளிருந்து, எந்த வீட்டிலோ கழற்றிய பழைய பாத்திரம் கழுவும் தொட்டி ஒன்றை இறக்கினார். கருங்கல்லை நகர்த்தி, அந்த இடத்தில் தொட்டியை நிலத்தோடு நிலமாகப் புதைத்தார். தொட்டியின் ஓட்டையில் பைப்பைப் பூட்டி, வேர் இருக்கிற பக்கம் போகாமல், சரிவு பார்த்துப் பார்த்து, வீட்டுச் சுவரோரம் உள்ள கழிவுநீர்க் கானுக்குக் கொண்டுபோனார். தொட்டிக்குள் கருங்கல்லை நிமிர்த்தி வைத்து மேலே வெள்ளைக் கல்லைப் பரவினார். பார்த்தால் முன்பு இருந்தபடியேதான். கேத்தல் தண்ணீரைக் கல்லின் மேல் ஊற்றினார். கொஞ்சம் பொறுத்து, சுவரோரக் கானுக்குள் களக் களக் என்று சத்தம் கேட்டது. மூங்கில் குச்சி காய்ந்து வந்தது. அத்தான் அன்றைக்குத்தான் சிரித்தார்.

அக்கா வெளியே வந்து பைப் போன வழியைப் பார்த்தாள். அக்காவின் வீடு தெற்குப் பார்த்த வீடு.

"பாலா, வீட்டுச் சுவர் எந்தப் பக்கம்?"

"வடக்கு."

அக்காவின் கை தானாகக் கூப்பிக்கொண்டது. சிவன் கோயிலில் அபிஷேகத் தண்ணீர் கருவறைக்கு வெளியே வடக்குப் பக்கமாகத்தான் வடியும். அந்த வாய்க்குக் கோமுகி என்று பெயர்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் கோமுகி கட்டியிருக்கிறியள்."

"நான் வேஸ்ட் பைப் போட்டனான்" என்றார் அத்தான்.

அன்றிலிருந்து நாங்கள் காலைத் தேத்தண்ணியோடு அந்தக் களக் களக்கையும் கேட்டோம். ஒரு கிழமை முழுக்க உறைபனி பிடித்தது, பல்ப் சரம் எரிந்தது, அத்தான் பைப்புக்குப் பழைய கம்பளிச் சட்டையைச் சுற்றினார். மாசியில் அடித்த புயலில் கூரை பறக்கப் பார்த்தது. அத்தான் ஒரு தூணையும் நான் ஒரு தூணையும் பிடித்துக்கொண்டு நனைந்து நின்றோம். அறுபது வயதுக்கு மேல் எனக்கு இது தேவையா என்று அவர் காதுபடவே கேட்டேன். கையை மட்டும் விடவில்லை.

பங்குனியில் மிதுஷாவைக் காணவில்லை. சத்தம் இல்லாத காலை எங்களுக்கு என்னவோ போல இருந்தது. அக்கா கல்லுக்கு முன்னால் ஒரு விளக்கு கூடுதலாக ஏற்றினாள். அத்தான் வேலைக்குப் போக முதல் ஜன்னலடியில் நிற்கத் தொடங்கினார்.

சித்திரை வெயில் வந்ததும் அத்தான் கூரையைக் கழற்றினார். பிறகு குனிந்து, இரண்டு விரலால் நடுக்குருத்தைப் பிடித்து மெல்ல இழுத்தார்.  குருத்து வரவில்லை. வேரோடு இறுகி நின்றது. உள்ளே இளம்பச்சையில் புது ஊசிகள் கட்டுக்கட்டாக வந்திருந்தன. அத்தான் கண்ணைத் துடைத்துவிட்டு, தூசி விழுந்துவிட்டது என்றார். எனக்குச் சரியான சந்தோசம். அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் தலைகால் புரியாது.

தொப்பிக்காரர் மட்டும் பஸ் தரிப்பிலிருந்து, "சாமி எங்கை?" என்று கேட்டார். "வெளிவீதி சுத்தப் போயிட்டார்" என்றாள் அக்கா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மிதுஷா வந்தாள், தள்ளுவண்டியில் குழந்தையோடு. நாங்கள் மூன்று பேரும் வாசலில்தான் நின்றோம். பெண் குழந்தை, நல்ல கறுத்தத் தலைமயிர். அக்கா திருநீறு எடுக்க உள்ளே ஓடப்பார்த்தாள். அதற்குள் மிதுஷா செடியைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்து சொன்னாள்:

"அங்கிள், கூரையைக் கழட்டிப்போட்டியளோ? நல்ல வேலை. இனி மழை விழும்."

அத்தான் சுவரில் சாய்த்து வைத்திருந்த கூரைத் தகடுகளைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு இதைப் பாக்கப் பாக்க வயிறெரியும் அங்கிள். மேலை மூடியாச்சு, மழைத்தண்ணியும் இல்லை. வாற போற ஆக்கள் பூ வைக்கினம், சந்தனம் பூசினம், ஒருத்தர் ஒரு சொட்டுத் தண்ணி விடேல்லை. வாயில்லாச் சீவன். அதுதான் வேலைக்குப் போகேக்கை என்ரை போத்தல் தண்ணியைக் கையெட்டின அந்தக் கல்லிலை ஊத்திப்போட்டுப் போறனான்."

"அப்ப நேத்தி?" என்றாள் அக்கா.

"என்ன நேத்தி, அன்ரி?"

"கை கூப்பிக் கும்பிட்டனியே, பிள்ளை. நாங்கள் கண்டனாங்கள்."

"கும்பிடேல்லை அன்ரி. கை விறைச்சுப் போகும், தேய்ச்சுக்கொண்டு நிண்டனான். நாங்கள் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போறனாங்கள்."

அக்கா மதிலைப் பிடித்துக்கொண்டாள். ஒரு குளிர்காலம் முழுக்க நாங்கள் பட்ட பாடு, தொட்டி, பைப், கோமுகி, என் கண்ணில் வரவிருந்த கட்டி, எல்லாம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். நான் அத்தானைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமினார். சரி, தொடங்கப் போகிறார் என்று நினைத்தேன். சுண்ணாம்பு மலை, மைனஸ் பத்து, மோர்டன் தூறல், எல்லாம் வரப்போகிறது. அவருக்கு அது உரிமை என்றும் நினைத்தேன்.

"ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கையும் எனக்கு இதின்ரை யோசினைதான்" என்றாள் மிதுஷா. "இவரை அனுப்பி ஊத்தச் சொன்னனான், அவர் மறந்துபோனார். காஞ்சுபோயிருக்கும் எண்டு பயந்துகொண்டு வந்தனான், அங்கிள்."

அத்தான் வாயை மூடிக்கொண்டார்.

அவள் தள்ளுவண்டியின் அடியிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்தாள். பழைய இடம் பார்த்து, கருங்கல்லின் மேல் முழுவதையும் ஊற்றினாள். வெள்ளைக் கல்லுக்குள் தண்ணீர் மறைந்தது. தெருவில் பஸ் ஒன்றும் இல்லை. சுவரோரக் கானுக்குள் களக் களக் என்று தெளிவாகக் கேட்டது.

மிதுஷா தலையைச் சரித்தாள். "அது என்ன சத்தம், அங்கிள்?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அத்தானைப் பார்த்தேன். யுக்காவைப் பற்றி ஒரு பிழையான வார்த்தையைப் பொறுக்காத மனிசன், குழந்தையின் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டார்.

"அது குடிக்கிற சத்தம், பிள்ளை" என்றார்.